‘சும்மா கெடந்தேன்’: என் குற்ற நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. 11 பிரதிகள் ஃபோட்டோகொப்பி எடுத்து, பிழை திருத்தித் தரச்சொல்லி நெருங்கியவர்களிடம் கொடுத்தேன். அந்தப் 11 எப்படியோ ஊரெல்லாம் போய்விட்டது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போதுகூட ஒருவர் பக்கத்தில் வந்து, “அந்த மெனேஜருக்கு என்ன தண்டனை?” என்கிறார். வட்ஸ்அப்பில் வருவது வேறு. பாதிக்கு மேல் ஒரே கேள்விகள், அதனால் எழுதி வைக்கிறேன். பிழைகளை மட்டும் ஒருவரும் திருத்தித் தரவில்லை.

நாவலை வாசிக்கவில்லை. கதை என்ன?

கொழும்பில் ஒரு இருபது ஓவர் தொடர். தனியார் முதலாளி ஒருவருக்குச் சொந்தமான அணி. அதன் சமூக ஊடக வேலைக்கு 45 நாள் ஒப்பந்தத்தில் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வருகிறாள், வயது 23. ஒப்பந்தத்தின் 9ஆம் நாள் இரவு, காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வெற்றிக் கொண்டாட்டம். அன்று அணியின் மூத்த வீரர் ஒருவர் அவளைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்குகிறார். 41 நாள் கழித்து அவள் பொலிஸுக்குப் போகிறாள்.

செய்தவர் யார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும். துப்பறிகிறவள் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருத்தி. எல்லாரும் ‘முதலியார் மிஸ்’ என்று கூப்பிடுவார்கள். அவள் தேடுவது ஒரு வாக்கியத்தை. அந்தப் பிள்ளை பொலிஸில் உண்மையில் என்ன சொன்னாள்?

உரைபெயர்ப்பாளரை முதலியார் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். பெண்ணாக இருந்தாலும் முதலியார்தான். நானும் 22 வருடம் அப்படித்தான் கூப்பிடப்பட்டேன்.

இது சிட்னியில் நடந்த அந்த வழக்குத்தானே?

இல்லை. 2022 நவம்பரில் உலகக் கிண்ணத் தொடருக்குப் போன இலங்கை வீரர் ஒருவர் சிட்னியில் கைதானார். 2023 செப்டெம்பரில் அங்குள்ள நீதிமன்றம் அவர் குற்றவாளி அல்ல என்று தீர்த்தது. விடுதலையான ஒருவரைக் கதைக்குள் இழுத்துவந்து மறுபடியும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கதையில் வரும் வீரர் இடதுகையா வலதுகையா, மட்டையா பந்தா என்றுகூட நான் எழுதவில்லை. ஒரு வாசகர் இதைக் குறையாகச் சொன்னார். வேண்டுமென்றே விட்டதுதான். எழுதினால் யாரோ ஒருவருடைய முகத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவீர்கள்.

அக்கா, ஒரு ‘சும்மா’வுக்காக 300 பக்கமா?

280.

இதன் விதை ஒரு காணி வழக்கு. சாட்சிக் கூண்டில் நின்ற வயதானவர், “அந்தத் துண்டை அவர் எனக்குச் சும்மா குடுத்தவர்” என்றார். நான் வாயைத் திறக்குமுன் இரண்டு பக்கச் சட்டத்தரணிகளும் எழும்பிவிட்டார்கள். சும்மா என்றால் காசு வாங்காமலா? காரணமில்லாமலா? ஒப்புக்குக் கொடுத்ததா? நாற்பது நிமிடம் போனது. பெரியவர் பாவம், தண்ணீர் கேட்டுக்கொண்டு நின்றார். அன்று 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது தோன்றியது: ஒரு துண்டுக் காணிக்கே இந்தப் பாடு என்றால், உடம்பைப் பற்றிச் சொல்லும்போது என்ன ஆகும்?

நாவலில் அந்தப் பிள்ளை சொல்வது இது: “எனக்கு ஒண்ணும் ஓடல. சும்மா கெடந்தேன்.” தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதற்கு அகராதி வேண்டாம். கை கால் அசையவில்லை, பயத்தில் உடம்பு மரத்துப்போய்விட்டது என்கிறாள். எழுதுகிற பொலிஸ்காரர் சிங்களத்தில் ‘நிகங் ஹிட்டியா’, அதாவது ‘சும்மா இருந்தேன்’ என்று போடுகிறார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் பிழையில்லை. பிறகு அந்தத் தாள் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எதிர்ப்பு எதுவும் காட்டவில்லை’ என்ற பொருளில் போய் நிற்கிறது. மூன்று மொழி, இரண்டு தாவல். நடுவில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உறைந்துபோன ஒரு உடம்பு, தாளில் சம்மதம் மாதிரி ஆகிவிட்டது.

ஆபத்து நேரத்தில் உடம்பு ஓடும், இல்லையென்றால் எதிர்த்து அடிக்கும், இரண்டும் முடியாதபோது உறைந்துபோகும். மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. சட்டத்துக்கும் தெரியும். 1995இல் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, வல்லுறவு பற்றிய 363ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தது: சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிக்க, உடம்பில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. (சம்மத வயதை 12இலிருந்து 16 ஆக்கியதும் இதே திருத்தம்தான். 1995 வரைக்கும் 12!)

சரி, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணையில், “கத்தினீர்களா? தள்ளினீர்களா? பக்கத்து அறையில் ஆட்கள் இருந்தார்களே?” என்று மூன்று கேள்வியும் வரிசை மாறாமல் வரும். அவற்றைத் தமிழில் கேட்டது என் வாய். முதலியாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. சட்டத்தரணி ‘நான் சொல்கிறேன், நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்றால், நாமும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதையே ‘நான்’ போட்டுச் சொல்லவேண்டும். எழுத ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏன் ஹட்டன் பிள்ளை? யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றால் உங்களுக்கு இன்னும் இலகுவாக வந்திருக்குமே?

வந்திருக்கும், எனக்கு ஊர் பருத்தித்துறை. ஆனால் பாதி மர்மம் போயிருக்கும். வாக்குமூலத்தில் இன்னொரு வரி இருக்கிறது: “நான் ஒண்ணும் பேசல.” மலையகத்தில் பேசுவது என்றால் பேசுவதுதான். நாங்கள் பேசமாட்டோம், கதைப்போம். எங்களுக்குப் ‘பேசுவது’ என்றால் ஏசுவது. நாவலில் அன்று கடமையில் இருந்த தமிழ் கொன்ஸ்டபிள் யாழ்ப்பாணத்துப் பெடியன். ‘வாய் திறக்க முடியவில்லை’ என்று அவள் சொன்னது அவன் காதில் ‘நான் அவரை ஏசவில்லை’ என்று விழுகிறது. அப்படியே சிங்களத்தில் சொல்கிறான். அவள் கோபப்படவில்லை என்று பதிவாகிறது.

அப்புறம், கொழும்புக்கு வேலைக்கு வரும் மலையகப் பிள்ளை என்றால் நம் கதைகளில் கடை, இல்லாவிட்டால் வீட்டு வேலை. இவளிடம் பட்டம் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, மூன்று மொழியிலும் பதிவு போடுவாள். அப்படியானால் ஏன் சிங்களத்திலேயே வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அவரிடம், கதவிடுக்கில் விரல் நசுங்கினால் எந்த மொழியில் கத்துவீர்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உரிமை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். அன்றிரவு எந்த மொழியில் வாசித்துக் காட்டினார்கள் என்பதுதான் 17ஆம் அத்தியாயம்.

அணி விளையாட்டில்தான் இது நடக்குமா? அலுவலகத்தில் நடக்காதா?

நடக்கும், கந்தோரில் நடக்கும், பாடசாலையில் நடக்கும், வீட்டில் அதைவிடக் கூட நடக்கும். ஆனால் அணிக்கு இரண்டு விசேஷம் உண்டு.

ஒன்று, ‘அய்யா’. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். எங்கள் காதுக்கு அது ‘ஐயா’ என்று விழும். ட்ரெஸ்ஸிங் ரூமில் மூத்தவர் எல்லாரும் அய்யா, இளையவர் எல்லாரும் மல்லி. அண்ணனுக்கும் எசமானுக்கும் நடுவில் ஒரு இடத்தில் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அய்யா பையைத் தூக்கச் சொன்னால் தூக்கவேண்டும், அறையை மாற்றச் சொன்னால் மாற்றவேண்டும். நாவலில் பக்கத்துக் கட்டிலில் படுக்கவேண்டிய மல்லி, “இன்றைக்கு நீ வேறெங்காவது படு” என்றதும் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுக்கு 19 வயது. முதல் தொடர். என்னால் அவனை வெறுக்க முடியவில்லை.

மற்றது ஒப்பந்தம். ஆறு வாரத்துக்குக் கூடி ஆறு வாரத்தில் கலைகிற கூட்டம் இது. முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது? மெனேஜரிடமா? அவருக்கே இன்னும் 20 நாள்தான் வேலை. முதலாளி வெளிநாட்டில். தொடரை நடத்துகிறவர் ‘அது அணியின் உள்விவகாரம்’ என்கிறார், அணி ‘அது ஹோட்டலில் நடந்தது’ என்கிறது, ஹோட்டல் ‘அவர்கள் உங்கள் ஆட்கள்’ என்கிறது. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க ஒரு பிள்ளை போன் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். வாசிக்க அலுப்பாக இருக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். அலுப்பாகத்தான் இருக்கவேண்டும்.

‘கற்பழிப்பு’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லையே?

ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: பத்திரிகைத் தலைப்பு ஒன்றை முதலியார் மிஸ் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள். ஏதோ ஒன்று அவளிடம் இருந்தது, இப்போது அழிந்துவிட்டது என்கிற சொல் அது. அழித்தவன் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறான்? வல்லுறவு, வன்புணர்வு என்றால் குறைந்தது வன்மை யாருடையது என்ற கேள்வியாவது வரும். நாவலில் வரும் பெரியப்பா மட்டும் ‘பிள்ளை கெட்டுப்போச்சு’ என்பார். அவர் அப்படித்தான் சொல்வார், நான் திருத்தப்போவதில்லை.

நம் நாட்டுத் தமிழில் வந்த நல்ல சொல் ஒன்று ‘பாலியல் இலஞ்சம்’. கேட்டதும் விளங்கும். விளையாட்டில் இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 2014 கடைசியில், எங்கள் பெண்கள் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்கப் பாலியல் சலுகை கேட்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு பத்திரிகையில் வந்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையில் மூவர் குழு விசாரித்தது. 2015 மே மாதம், பாலியல் தொல்லை நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்று விளையாட்டுத்துறை அமைச்சே சொன்னது. இன்று 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில், இலஞ்சம் என்பதற்குள் பாலியல் சலுகையும் அடங்குகிறது. ஆட்கள் முதலில் சொல்லைக் கண்டுபிடித்தார்கள், சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஏன் பெயர் இல்லை?

தண்டனைச் சட்டக்கோவை 365சி பிரிவின்படி, இப்படியான குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. கற்பனைப் பாத்திரத்துக்கு அது பொருந்தாதுதான். ஆனால் 22 வருடப் பழக்கம், பேனா வரவில்லை. வீட்டில் அவள் தங்கச்சி, அணியில் நங்கி (சிங்களத்தில் தங்கச்சி), நீதிமன்றத்தில் முதலாம் சாட்சி. போதும்.

அந்த இரவை ஏன் காட்டவில்லை?

கதவு மூடும் இடத்தில் அத்தியாயம் முடியும். ஒரு பதிப்பக நண்பர், “கொஞ்சம் எழுதினால் விற்கும்” என்றார். அவருக்குக் கொடுத்த பிரதியைத் திருப்பி வாங்கிவிட்டேன்.

41 நாள் ஏன் காத்திருந்தாள்? நம்பும்படியாக இல்லையே.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பெண்களிடமிருந்தும். கணக்கைப் பாருங்கள். 9ஆம் நாள் சம்பவம், 45ஆம் நாள் ஒப்பந்தம் முடிவு, சம்பளம் முடிவில்தான். அந்தச் சம்பளத்தில் தம்பியின் வகுப்புக் காசும் அம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் இருக்கிறது. சம்பளம் கைக்கு வந்து ஐந்தாம் நாள் பொலிஸுக்குப் போகிறாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதையே ‘காசு வரும்வரை பார்த்திருந்தாள்’ என்று திருப்புவார். இரண்டும் ஒரே உண்மைதான், சொல்கிற வாய்தான் வேறு.

தாமதத்தின் விலை பெரிது. உடம்பிலிருந்து மாதிரி எடுக்க முதல் 72 மணித்தியாலம்தான் நல்ல நேரம். பானத்தில் ஏதாவது கலந்திருந்தால், சில வகைகள் அரை நாளுக்குள் சிறுநீரிலிருந்தே போய்விடும். ஹோட்டல் கதவுப் பூட்டு, எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்று வைத்திருக்கும். ஆனால் அதன் ஞாபகத்துக்கு ஒரு எல்லை உண்டு; புதிய பதிவு வர வரப் பழையது அழியும். சிசிடிவியும் அப்படித்தான். 41ஆம் நாள் போய்க் கேட்டால் மெஷினில் வேறு யாருடையவோ கல்யாணம் ஓடும். குற்ற நாவல் எழுதுகிறவருக்கு இது வசதி என்று நினைக்கவேண்டாம். எனக்கு எதைக் கொண்டு நிரூபிப்பது என்பதில் எட்டு மாதம் போனது.

அப்படியானால் எதைக் கொண்டு நிரூபிக்கிறாள்? (முடிவு தெரிய விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போங்கள்.)

சூதாட்டத் தடுப்பு அதிகாரியின் குறிப்புப் புத்தகம்.

2019 நவம்பரில் நமது நாடாளுமன்றம் 24ஆம் இலக்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. விளையாட்டுத் தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டம். ஆட்டநிர்ணய சதியைக் குற்றவியல் குற்றமாக்கிய முதல் தெற்காசிய நாடு நாங்கள்தான். 10 வருடம் வரை சிறை. விசாரிக்கத் தனிப் பிரிவு. சதி செய்தவர் மட்டும் மாட்டமாட்டார். பந்தயக்காரன் வந்து கேட்டதை அறிவிக்காமல் இருந்தவரும் மாட்டுவார். அதாவது சும்மா இருந்ததே குற்றம்.

நான் இதை வாசித்தது ஒரு மழை நாள், தமிழ்ச் சங்க நூலகத்தில். மூன்று தடவை வாசித்தேன். அவுட் ஆவதற்குக் காசு தருகிறேன் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டுவிட்டு வாய்மூடி இருந்தால் அந்தச் சட்டம் உங்களைப் பிடிக்கும். பக்கத்து அறையில் நடந்ததைக் கேட்டுவிட்டு வாய்மூடி இருந்தால், அந்தச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு வரியும் இல்லை. அது பேசுவது சூதாட்டத்தையும் சதியையும் மட்டும். பெரிய தொடர்களில் ஆட்டம் தொடங்குமுன் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவைப்பார்கள். வீரர்கள் தங்கும் மாடிக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். ஓட்டங்களை இவ்வளவு கவனமாகக் காவல் காக்கிறார்கள்.

நாவலில் அந்த ஆள் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், நேர்மையானவர், லஞ்சம் வாங்காதவர். தன் கடமையை எழுத்துக்கு எழுத்துச் செய்வார். அவருடைய கொப்பியில் அன்றைய பக்கத்தில் இரண்டு வரி: ‘11.40. ஊடகப் பிள்ளை உள்ளே. பந்தயத் தொடர்பு இல்லை.’ அடுத்தது: ‘1.25. ஊடகப் பிள்ளை வெளியே. செருப்பு இல்லை. பந்தயத் தொடர்பு இல்லை.’ பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சரி அடையாளம்.

நாவலில் எனக்குப் பிடித்த பாத்திரம் அவர்தான். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது.

வலையில் பந்து வீச வரும் பையனின் கதை ஏன்? அது வேறு நாவல் மாதிரி இருக்கிறது.

பயிற்சி வலையில் பெரிய வீரர்களுக்குப் பந்து வீச, அக்கம்பக்கத்துக் கழகங்களிலிருந்து பெடியன்கள் வருவார்கள். காசு கொஞ்சம், கனவு பெரிது. அவர்களில் ஒருவனுக்கும் அதே வீரரால் நடந்திருக்கிறது. நமது 363ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்கமுடியும். ஆணுக்கு நடந்தால் அது 365பி, ‘பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்’ என்ற வேறு பெயரில் வரும். அந்தப் பெடியனுக்கு அது எதுவும் தெரியாது. தனக்கு நடந்ததற்குப் பெயரே இல்லை என்று நினைக்கிறான்.

ஆணுக்கு நடக்குமா என்று சிரித்தவர்களுக்காக ஒரு உண்மைக் கதை. 2010, அமெரிக்காவின் சிக்காகோ ஐஸ் ஹொக்கி அணி. வீடியோ பயிற்றுநர் தன்னைத் துன்புறுத்தினார் என்று இளம் வீரர் ஒருவர் சொன்னது நிர்வாகத்தின் காதுக்கு வந்தது. அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெற்ற அதே நாள், மே 23, மேலிடத்தில் கூடிப் பேசினார்கள். மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. கிண்ணத்தை வென்று முடிந்த பிறகுதான் அந்தப் பயிற்றுநரை விலகிப்போகச் சொன்னார்கள். 2021இல் சுயாதீன விசாரணை இதை வெளியே கொண்டுவந்தது. அணிக்கு 20 இலட்சம் டொலர் தண்டம். வெற்றிக் கிண்ணத்தில் பொறித்திருந்த அந்தப் பயிற்றுநரின் பெயருக்கு மேலே எக்ஸ், எக்ஸ் என்று அடித்து மறைத்தார்கள். மூன்று வாரம் தள்ளிப்போட்டது கிண்ணத்துக்காக, கடைசியில் கிண்ணத்திலேயே வடு.

பொய் முறைப்பாடு என்றால்? ஒரு வீரனின் வாழ்க்கையே போய்விடுமே?

போகலாம். அதனால்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியைக் கெட்டவராக எழுதவில்லை, கெட்டிக்காரராக எழுதினேன். அவர் இல்லாவிட்டால் அது வழக்கு இல்லை, ஊர்க்கூட்டம்.

ஆனால் இரண்டு விஷயத்தை நாம் குழப்பிக்கொள்கிறோம். சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்பதும், சொன்னவள் பொய்க்காரி என்பதும் ஒன்றல்ல. 2018இல் பெல்ஃபாஸ்டில் ரக்பி வீரர்கள் வழக்கு ஒன்பது வாரம் நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரும் விடுதலை. அடுத்த மாதமே இரண்டு வீரர்களின் ஒப்பந்தத்தை ரக்பி நிர்வாகம் ரத்துச் செய்தது, அவர்கள் வட்ஸ்அப்பில் பெண்களைப் பற்றி எழுதியவற்றுக்காக. நீதிமன்றம் கேட்கிற கேள்வி வேறு, வேலை கொடுத்தவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இங்கே இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. ‘நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்’ என்று எல்லாரும் சும்மா இருப்பார்கள்.

தீர்ப்பைச் சொல்லாமல் ஏன் முடித்தீர்கள்? ஏமாற்றமாக இருந்தது.

பொலிஸ், நீதவான், சட்டமா அதிபர் திணைக்களம், பிறகு புதுக்கடையில் மேல் நீதிமன்றம். இந்தப் பாதையில் வருடங்கள் போகும். தீர்ப்பு வரை எழுதினால் நாவலின் எல்லாப் பாத்திரத்துக்கும் தலை நரைத்திருக்கும். வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரேசில் கால்பந்து வீரர் ரொபின்யோ செய்த குற்றம் 2013இல், இத்தாலி நீதிமன்றத் தீர்ப்பு 2017இல், மேன்முறையீடெல்லாம் முடிந்தது 2022இல், பிரேசிலில் சிறைக்குள் போனது 2024இல். ஒன்பது வருடத் தண்டனை தொடங்கவே பத்து வருடத்துக்கு மேல்.

அதனால் முதலாம் சாட்சி கூண்டில் ஏறும் நாளில் நிறுத்தினேன். சட்டத்தரணி கேட்கிறார், அவள் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள், நீதிபதி முதலியார் மிஸ்ஸைப் பார்க்கிறார். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதிப் பார்த்தேன். ஒன்பது விதமாக எழுதினேன். ஒன்றும் ‘சும்மா கெடந்தேன்’ ஆகவில்லை. வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறேன். அது அச்சுப் பிழையல்ல.

உங்கள் வீட்டுக்காரர் வாசித்தாரா?

வாசித்தார். மூன்று நாள் கிரிக்கெட் பார்க்கவில்லை. நாலாம் நாள் பார்த்தார்.

இப்படி ஒன்று எனக்கு, அல்லது எனக்குத் தெரிந்த பிள்ளைக்கு நடந்திருக்கிறது. என்ன செய்வது?

இரண்டு பேர் இதைக் கேட்டு எழுதினார்கள். அவர்களுக்குத் தனியாகப் பதில் போட்டேன், மற்றவர்களுக்கு இங்கே. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரப் பொலிஸ் 119. பொலிஸுக்குப் போகுமுன் நேரே அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார், மருந்தும் அங்கேயே கிடைக்கும். முடிந்தால் குளிக்கமுன் போங்கள். உடுப்பைப் பொலித்தீன் பையில் போடாமல் கடதாசிப் பையில் எடுத்துப் போங்கள். பொலித்தீனில் ஈரம் பிடித்து மாதிரி பழுதாகும். குளித்துவிட்டீர்களா, நாள் போய்விட்டதா, அப்போதும் போகலாம். கொலை, தேசத்துரோகம் தவிர மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 வருடம் இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்கவேண்டாம். விளங்காத சொல் ஒன்று இருந்தால்கூட நிறுத்தச் சொல்லுங்கள்.

என் மகள் கிரிக்கெட் பழகுகிறாள், வயது 14. நாவலை வாசித்த பிறகு அனுப்பவா நிறுத்தவா என்று யோசிக்கிறேன்.

அனுப்புங்கள். அவள் ஏன் நிற்கவேண்டும்?

ஆனால் கழகத்தில் போய்க் கேட்பதற்குச் சில கேள்விகள் தருகிறேன், மட்டைக்கும் காலணிக்கும் காசு கட்டுகிற அன்றே கேட்கலாம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது யார் யாருடன் அறையில் தங்குவார்கள்? கூடப் போகும் பெரியவர்களில் பெண் ஒருவராவது உண்டா? பயிற்றுநர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவாரா, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் போடுவாரா? உடம்புப் பிடிப்புக்கு மசாஜ் என்றால் அறைக் கதவு திறந்திருக்குமா? முறைப்பாடு சொல்ல, பயிற்றுநரும் மெனேஜரும் அல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா பிறகு போன் எடுத்தார். கேட்டாராம். கடைசிக் கேள்விக்கு அந்த மெனேஜர் சிரித்துவிட்டு, “எங்களிடம் அப்படி ஒன்றும் நடக்காது மிஸ்” என்றாராம். “அதை நான் கேட்கவில்லை” என்று சொல்லி, அவர் முன்னாலேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாராம். எழும்பும்போது ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும் தாளில் எழுதி வாங்கியிருந்தார்.